கருப்புக்கு வைத்த டம்ளர்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். பாப்பா வாசிக்கட்டும். தம்பிக்குப் புரியாத இடத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுக்கட்டும். நான் பத்தாவது தாண்டாதவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டிச் சிரிக்க வேண்டாம்.

கிடா வெட்டுக்குப் போன அன்றைக்குச் சேவுகம்பட்டிக் கருப்பசாமி கோயிலில் பெரியப்பா என் சட்டையைப் பிடித்ததை நீங்கள் பார்த்தீர்கள். அம்மாவோடும் அத்தைமாரோடும் வேப்பமரத்தடியில், பொங்கல் பானைப் பக்கம் நின்றீர்கள். அதனால் பார்த்திருப்பீர்களே தவிர, நாங்கள் என்ன பேசினோம் என்று காதில் விழுந்திருக்காது. மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பாப்பா கேட்டாள், "பெரியப்பா ஏம்ப்பா உன்னைய அடிக்க வந்தாரு?" அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் குடித்துக்கொண்டிருந்த காலம் உங்களுக்கே தெரியும். அதை விவரமாக எழுதி உங்களை மறுபடியும் அந்த வீட்டுக்குள் உட்கார வைக்க எனக்கு மனசு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு குஜிலியம்பாறைக்கு மாமா வீட்டுக்குப் போனது லீவுக்காக அல்ல. நான் கூப்பிடப் போனபோது அவள் என்னை உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"வாரேன். ஆனா ஒண்ணு. இனி ஒரு நாள் உங்க மேல அந்த வாடை வந்துச்சு, பிள்ளைகளைக் கூட்டிட்டு இங்க வந்துருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க. இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துவிடுறேன்னு எங்கண்ணன் சொல்லிருச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நிறுத்த நான் முயற்சி செய்யாமல் இல்லை. நம் பக்கத்து ஆட்கள் செய்கிற மாதிரி கோயிலில் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டினேன். கயிறு கட்டும்போது கெடு சொல்ல வேண்டும். ஆறு மாதமா, ஒரு வருஷமா என்று பூசாரியிடம் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. கயிறு கையில் இருக்கிற வரைக்கும் தொட மாட்டேன், சாமி பயம். கெடு முடிகிற அன்றைக்குக் கயிற்றை அறுத்த கை அப்படியே கடைக்குப் போகும். பழனிக்கு மாலை போட்ட வருஷமும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கி அடிவாரம் தாண்டவில்லை.

நீங்கள் மாமா வீட்டிலிருந்து வந்த பிறகு, குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டையைத் தராசில் வைத்தேன். சேவுகம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் என் லோடு வண்டியில் ஏற்றிய பூ. இப்போது எல்லாம் நம்பர் காட்டுகிற தராசுதானே. அந்த நம்பர் நிற்கவே இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"அண்ணே, மூட்டைய விடுங்க. உங்க கை ஆடுறதுல நம்பர் நிக்க மாட்டேங்குது" என்றார் எடை போடுகிறவர்.

பின்னால் நின்ற ஒரு வியாபாரி, "விடிஞ்சும் விடியாம கரகாட்டமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எடை போடுகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைவிட வயதில் சின்னவர். லோடு இறக்கி முடித்ததும் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். தன்னைப் பற்றி எழுதலாம், பேர் மட்டும் வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"எனக்கும் இப்படித்தாண்ணே ஆடும். இப்ப ஆடல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூம்ல கூடுவோம். வாங்க."

"என்ன மருந்து குடுக்குறாங்க?"

"டீ குடுப்பாங்க."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சர்ச் என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று ஒரு பயம். அதனால் குளித்துவிட்டு நெற்றி நிறைய விபூதியை அப்பிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததுமே, இவன் மாறமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கேட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் யார் என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன். அங்கே பார்த்த முகத்தை வெளியே சொல்வதில்லை என்பது அங்கே ஒரு கட்டுப்பாடு. அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் அதற்காகத்தானே உள்ளே போகிறார் என்ற யோசனை பைபாஸ் வந்த பிறகுதான் வந்தது.

அடுத்த வாரம் உள்ளே போனேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் வகுப்பு நடத்துகிற அறை அது. சுவரில் பிள்ளைகள் வரைந்த ஆட்டுக்குட்டிப் படங்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். என்னைவிடப் பெரிய விபூதிப் பட்டைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஜெபம் எதுவும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து தன் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினார்கள். என் முறை வந்தபோது பேரைச் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. "சும்மா கேக்க வந்தேன்" என்றேன்.

"சும்மா வந்தவருக்கு முதல் டீயக் குடுங்கப்பா" என்றார் ஒருவர்.

டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன், "இங்க எத்தனை மாசத்துக்குச் சொல்லணும்?"

"மாசமா? இன்னைக்கு மட்டுந்தான்."

"அப்ப நாளைக்குக் குடிக்கலாமா?"

"அதை நாளைக்கு வந்து கேளுங்க."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கயிறு இல்லை, கெடு இல்லை, இது என்ன சத்தியம்? இருந்தாலும் வாராவாரம் போனேன். ஒவ்வொரு வாரமும் பேரைச் சொல்லி, சும்மா கேட்க வந்தேன் என்றே சொன்னேன். கொஞ்ச நாளில் எனக்கு 'சும்மா அண்ணன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நோயாளி என்று சொல்ல நான் என்ன படுத்தா கிடக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு. ஆனால் குடிக்கவில்லை. தராசில் நம்பர் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா போன் செய்தார். "ஏலே, இந்த வருசம் கருப்புக்கு முறை உன் வீடு. ஞாபகம் இருக்கா?"

உங்களுக்கு முறை என்றால் என்னவென்று தெரியாது. நம் பங்காளி வீடுகள் வருஷத்துக்கு ஒரு வீடாகக் கருப்பசாமிக்குப் படையல் வைக்க வேண்டும். மாலை, சுருட்டு, பாட்டில் எல்லாம் முறை வீட்டு ஆள் வாங்கி வர வேண்டும். பூசாரி அந்தச் சாராயத்தைப் பித்தளை டம்ளரில் ஊற்றிச் சாமிக்குக் காட்டி, தரையில் கொஞ்சம் விட்டுவிட்டு, மிச்சத்தை முறைக்காரன் கையில் கொடுப்பார். முறைக்காரன் ஒரு மடக்காவது குடித்த பிறகுதான் மற்ற ஆண்களுக்கு. அதற்குப் பிறகுதான் கறிச் சோறு. வேண்டாம் என்று சொன்னவர் யாரும் எங்கள் வம்சத்தில் இல்லை. சொன்னால் கருப்பு சும்மா விடமாட்டார் என்று நாங்கள் நம்பினோம். நான் இன்றைக்கும் கொஞ்சம் நம்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதல் தடவையாக நானே எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "சாமி குடுக்குறதும் இதுல சேருமா?"

 கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எந்தச் சாமிண்ணே? நானும் அந்தச் சாமிக்கே மாறிக்கிறேன்." அறையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

எடை போடுகிறவர் கேட்டார், "அண்ணே, குடுத்தது கருப்பசாமியா கடைக்காரனான்னு உங்க நாக்குக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன் வீம்பாக.

"எனக்குத் தெரியல. நான் நல்லா இருந்தவன், எங்க குலசாமி கோயில்லதான் மறுபடி ஆரம்பிச்சேன். ஒரே மடக்கு. பொழுது சாயுறதுக்குள்ள கடை வாசல்ல கெடந்தேன்."

சைக்கிளில் வருகிறவர் அந்தச் சர்ச்சைச் சேர்ந்தவர் அல்ல, வேறு சர்ச். அவர் சொன்னார், "எங்க சபையில திருவிருந்துக்குத் திராட்சரசம் குடுப்பாங்க. நான் முன்னாடியே போயி பாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். எனக்கு அப்பத்தோட நிறுத்திக்கிருவாரு. நீங்களும் பூசாரிகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. டம்ளர் மூஞ்சிக்கு நேரா வந்ததுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"பூசாரிகிட்ட என்னன்னு சொல்றது?"

"இங்க வாரா வாரம் சொல்லாம இருக்கீங்கள்ல, அதை."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பாட்டில் வாங்கக் கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "முறை வீடுன்னா நானும் சேத்திதான? நான் வாங்குறேன்" என்றாள்.

கிடா வெட்டுக்கு முந்தின நாள் வண்டியைக் கடைக்கு ரொம்ப தூரத்தில் நிறுத்தச் சொன்னாள். நல்ல சேலை கட்டி, பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் விலகினார்களாம். "அக்காவுக்கு வழி விடுங்கப்பா, புருசனத் தேடி வந்திருக்கும்" என்றானாம் ஒருவன்.

"எம் புருசன் வண்டியில உக்காந்திருக்காரு. இது கருப்புக்கு. பெரிய பாட்டில் ஒண்ணு குடுங்க."

"கருப்பு என்ன சரக்குக்கா அடிக்கும்?"

"போன வருசம் என்ன அடிச்சுச்சோ அதே."

அந்தப் பாட்டிலைப் பேப்பரில் சுற்றிப் பூவுக்கு அடியில் வைத்து, கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். என் பக்கம் வைக்கவில்லை. கோயிலுக்குப் போகும்போதும் அப்படித்தான் வந்தாள். நீங்கள் அதைப் பூக்கூடை என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

கிடா வெட்டு அன்றைக்குக் காலையிலேயே பூசாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் எனக்குச் சித்தப்பா முறை. போனதும் அவர் அரிவாளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். "சித்தப்பா, ஒரு விசயம்" என்றேன். "சொல்லுப்பா" என்றார். அதற்குள் அண்ணன், உங்கள் பெரியப்பா, வந்து என் தோளில் கைபோட்டுவிட்டார். அண்ணனுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். "முறைக்காரன் என்னலே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று என் கன்னத்தில் தட்டினார். கிடாவுக்கு மாலை போட்டபோது இன்னொரு தடவை பக்கத்தில் போனேன். மேளம் அடித்தார்கள், பேச முடியவில்லை. உண்மையைச் சொன்னால், மேளம் அடித்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. செத்த நேரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே நேரத்தைப் போக்கிவிட்டேன். கிடா வெட்டியாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. ஆண்கள் எல்லாம் அரை வட்டமாகக் கூடி நின்றார்கள்.

பூசாரி பாட்டிலின் மூடியைத் திருகினார். அந்த 'டக்' சத்தம். அது கேட்டதும் என் வாயில் எச்சில் ஊறியது. நான் கேட்டு ஊறவில்லை, அதுவாக ஊறியது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. டம்ளரில் ஊற்றி, சாமிக்குக் காட்டி, தரையில் விட்டு, என் பக்கம் நீட்டினார்.

"வாங்கிக்கப்பா."

கை நீட்டாமல் இருக்க முடியவில்லை. சாமி கொடுப்பதை வாங்காமல் எப்படி இருப்பது? இரண்டு கையாலும் வாங்கினேன். கை ஆடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். தராசில் அப்படி ஆடிய கை, டம்ளரைப் பிடித்ததும் கல்லு மாதிரி நின்றது. வாடை மூக்கில் ஏறியது. ஒரு மடக்குதானே, சாமி பார்த்துக்கொள்ளாதா, அம்மா தூரத்தில்தானே நிற்கிறாள் என்று எனக்குள் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் நன்றாகப் பேசுவான், என்னைவிடப் படித்தவன் மாதிரி பேசுவான்.

"குடிலே. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கள்ல" என்றார் அண்ணன்.

வேப்பமரத்தைப் பார்த்தேன். தம்பி பொங்கல் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்படியே கருப்பசாமி பீடத்துக்குக் கீழே ஊற்றிவிட்டேன். அவசரத்தில் பாதி என் வேட்டியிலும் கையிலும் கொட்டிவிட்டது.

அப்போதுதான் அண்ணன் சட்டையைப் பிடித்தார். "சாமி குடுத்ததக் கீழ ஊத்துறியா? நம்ம அப்பன் வாங்கிக் குடிச்ச டம்ளர்டா இது! அவருக்கு மேலயாடா நீ?"

எங்கள் அப்பா எப்படிச் செத்தார் என்பது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. வேறு ஒன்று வாயில் வந்தது. அந்தக் குட்டி பெஞ்சில் அத்தனை வாரம் உட்கார்ந்தும் சொல்லாதது, அத்தனை பங்காளிகள் நடுவில் வந்தது.

"நான் குடிநோயாளிண்ணே. ஒரு மடக்கு உள்ள போனா எனக்கு நிறுத்தத் தெரியாது. பிள்ளைக போயிரும்ணே."

"நோயாளின்னா ஆஸ்பத்திரிக்குப் போ. கோயிலுக்கு எதுக்கு வந்த?"

யாரோ சிரித்தார்கள். யாரோ, "விடுங்கப்பா, சோறு ஆறுது" என்றார்கள். அண்ணன் சட்டையை விட்டார். பூசாரி என் கையிலிருந்து டம்ளரை வாங்கி மறுபடி ஊற்றி அண்ணனிடம் கொடுத்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். பந்தியில் என் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. பிறகு தம்பி வந்து உட்கார்ந்தான், எலும்பு வேண்டும் என்று கேட்டான்.

கிளம்பும்போது அந்த டம்ளரை அண்ணன் தன் பையில் போட எடுத்தார். முறை வீட்டில்தான் அடுத்த வருஷம் வரைக்கும் அது இருக்க வேண்டும். "இவன் வீட்டுக்கு எதுக்கு இது?" என்றார்.

பூசாரி சித்தப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கி என் கையில் வைத்தார். "முறை இவன் வீடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் இன்றுவரை என்னோடு பேசவில்லை. உங்களோடு பேசுவார், நீங்கள் போனால் பேசுங்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் நாம் நான்கு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வத்தலக்குண்டு தாண்டியதும் அம்மா சொன்னாள், "வாடை வருது."

என் கால் பிரேக்கில் போய்விட்டது. அவள் சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கிறது அல்லவா? 'இனி ஒரு நாள் உங்க மேல அந்த வாடை வந்துச்சு' என்று சொன்னது. வேட்டியெல்லாம் அந்த வாடைதான். என்ன சொன்னாலும் பொய் மாதிரி இருக்கும். குடித்த காலத்தில், எவனோ என் மேல் ஊற்றிவிட்டான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

வண்டியை ஓரம் கட்டினேன். அம்மா உங்கள் தலைகளுக்கு மேலே குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தாள். "ஊதுங்க" என்றாள். ஊதினேன். தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான், தானும் அம்மா முகத்தில் ஊதினான். அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். ஊதினேன்.  பிறகு நேராக உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம், போங்க" என்றாள். நிலக்கோட்டை வரும் வரைக்கும் நான் சரியாக மூச்சு விடவில்லை.

பாப்பா கேட்டதற்குப் பதில் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் எங்கே போகிறேன் என்பதும் உங்களுக்கு இனித் தெரியும். அடுத்த கூட்டத்தில் பேரைச் சொல்லி, அந்த வார்த்தையையும் சொன்னேன். சும்மா அண்ணனுக்கு இனி வேறு பேர் வைக்க வேண்டும் என்றார்கள். இன்னும் வைக்கவில்லை. நாளைக்கு நான் எப்படி இருப்பேன் என்று கேட்காதீர்கள். அது எனக்கும் தெரியாது.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் லோடு இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள், அம்மா மில்லில். பையைத் திறந்தால் டம்ளரில் அந்த வாடை அப்படியே இருந்தது. பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். கழுவி மோந்து பார்த்தேன். மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பித்தளை நல்ல மஞ்சளாக வந்தது. வாடை போய்விட்டதா, என் மூக்கில்தான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயைத் திறந்து அது நிறையத் தண்ணீர் பிடித்தேன். சேவுகம்பட்டியில் கருப்பசாமி கோயில் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, கொஞ்சம் தரையில் விட்டேன். மிச்சத்தைக் குடித்துவிட்டு, டம்ளரை வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.